நெகிழ்வு யார் கையில்?

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டு ரமளானின் கடைசி ஜும்ஆ. பள்ளிவாசல்கள் நிரம்பி வழிந்தன. நாளை பெருநாளா, இல்லை முப்பதாம் நோன்பா என்று பிறைத் தகவலுக்குச் சமுதாயம் காத்திருந்தது. அதே நாளில் சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் ஒரு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதா என்று அதற்குப் பெயர். 'நெகிழ்வான வேலை நேரம்' என்று அதற்கு விளக்கம்.

பெருநாள் துணி எடுக்கும் பரபரப்பில் நம்மில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும், 'இது தொழிற்சங்கக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன?' என்று இருந்துவிட்டார்கள். இட ஒதுக்கீடு என்றால் தெருவுக்கு வருகிறோம். வக்ஃபு சொத்து என்றால் வருகிறோம். வர வேண்டியதுதான். ஆனால் நம் இளைஞனின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதியை எவன் எடுத்துக்கொள்கிறான், என்ன நிபந்தனையில் எடுத்துக்கொள்கிறான் என்ற கேள்விக்கு மட்டும் நம் மேடைகளில் இடமே கிடையாது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் அந்த மசோதா என்ன சொன்னது என்று பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் சில எல்லைகள் இருந்தன. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து மொத்தம் பத்தரை மணி நேரத்துக்குள் ஆளை வெளியே விட்டுவிட வேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி. புதிதாகச் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவோ, இந்த விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. விலக்கு அளிக்கத்தக்க பிரிவுகளின் பட்டியலில் ஓய்வு நேரமும் இருந்தது, இரட்டிப்புக் கூலியும் இருந்தது!

அமைச்சர்கள் சமாதானம் சொன்னார்கள். 'வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது. நாலு நாள் 12 மணி நேரம் வேலை செய்தால் மூன்று நாள் சம்பளத்தோடு விடுமுறை. விரும்புகிற தொழிலாளிக்கு மட்டும்தான்.' கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருந்தது. காங்கிரஸ், இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24ஆம் தேதி தொழிற்சங்கங்களோடு பேச்சுவார்த்தை நடந்தது, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இதே சென்னையில் 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறாண்டு ஆகியிருந்தது. போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த வரிசையில் நம் அமைப்புகளின் குரல் போதுமான அளவு கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மசோதா போனது. அந்த எண்ணம் போகவில்லை. கர்நாடகம் 2023 பிப்ரவரியிலேயே 12 மணி நேரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் நாளுக்கு 8 மணி நேரம் என்று இருக்கிறது. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்றும் இருக்கிறது. கூடவே, நாலு நாள் 12 மணி நேரம் என்ற ஏற்பாட்டுக்கும் இடம் உண்டு என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் சொன்னது. ஆக, எல்லாம் ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அந்தச் சொல் 'சம்மதம்'.

சகோதரர்களே! ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் பஜ்ருக்கு முன்னால் வந்து நின்று பாருங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நான் அன்றாடம் காணும் காட்சி இது. தெருவிளக்கு வெளிச்சத்தில் கையில் டிபன் பையோடு ஆணும் பெண்ணும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்கள், சிலர் ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போகிறவர்கள். பெரும்பாலோர் கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்கள். ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கே தெருவில் நிற்க வேண்டும். இவர்களுக்கு 12 மணி நேர வேலை என்றால், போக வர மூன்று மணி நேரம் சேர்த்து 15 மணி நேரம். மீதி 9 மணி நேரத்தில் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐவேளைத் தொழுகையை எங்கே வைப்பது? இவர்களில் ஒருவரிடம் கான்ட்ராக்டர் ஒரு தாளை நீட்டி, 'கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாளைக்கு வராதே' என்றால் அதற்குப் பெயர் சம்மதமா?

உடம்பு இரும்பு அல்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. நாலு நாள் 12 மணி நேரம் என்று தொடங்கி, 'ஆர்டர் அவசரம், ஐந்தாம் நாளும் வா' என்றால் 60 மணி நேரம் ஆகிறது. ஆறாம் நாளும் என்றால் 72. நம் ஊர்ப் பக்கத்தில் இந்த 'அவசரம்' வராத மாதம் எது?

இனி மார்க்கத்துக்கு வருவோம். மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்து சேர்ந்த வரலாறு நமக்குத் தெரியும். கையில் காசில்லை, ஊரில் உறவில்லை. ஆளைத் தேடுகிறார்கள், இங்கே வேறு வழியில்லாத அந்நியன் ஒருவன் நிற்கிறான். இன்றைய கான்ட்ராக்டர் கண்ணுக்கு இதைவிட மலிவான ஆள் கிடைக்குமா? ஆனால் அந்தப் பெரியவர் என்ன செய்தார்? எட்டு ஆண்டு வேலை என்று கெடு வைத்தார். பத்தாக ஆக்கினால் அது உம் விருப்பம் என்றார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார் (28:27). மூஸா நபியும் அதே தெளிவோடு பதில் சொன்னார்கள்: இரண்டு கெடுவில் எதை நிறைவேற்றினாலும் என் மீது வரம்பு மீறல் கூடாது (28:28).

இந்த இரண்டு வசனங்களையும் மத்ரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். திருமணத்தையும் மஹரையும் பற்றித்தான் பாடம் நடக்கும். வேலை ஒப்பந்தமாக அதைப் படிக்க எனக்கு இத்தனை வருடம் ஆனது. நெகிழ்வு அங்கே இருக்கிறது. எட்டா, பத்தா என்பது திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் சாவி யாரிடம்? வேலை கொடுத்தவரிடம் அல்ல, வேலை செய்பவரிடம்! குறைந்த அளவு கட்டாயம், அதற்கு மேல் உழைப்பவன் விருப்பம். மூஸா நபி எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீண்ட கெடுவைத்தான் நிறைவேற்றினார்கள் என்று பதில் சொன்னதாக புகாரியில் வருகிறது. கட்டாயப்படுத்தாத இடத்தில் தொழிலாளி கூடுதலாகவே கொடுத்தான் என்பதை முதலாளிகள் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான குரலையும் கேட்டோம். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் பேசினார். பகல் முழுக்க நோன்பு, இரவு முழுக்கத் தொழுகை என்று இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) என்ற நபித்தோழரைக் கூப்பிட்டு, உன் உடலுக்கும் உன் கண்ணுக்கும் உன் மனைவிக்கும் உன் மீது உரிமை இருக்கிறது என்று கற்றுக் கொடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அல்லாஹ்வின் வணக்கத்துக்கே மனைவியின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லை என்றால், ஒரு கம்பெனியின் லாபத்துக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

'பேச நன்றாக இருக்கிறது, தொழிற்சாலையில் நடைமுறை வேறு' என்பார்கள். நடைமுறையையே சொல்கிறேன். என்னிடம் ஓதிய ஒரு பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். பொது ஷிப்ட். வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள், மாலையில் ஒரு மணி நேரம் கூட இருந்து முடித்துத் தருகிறேன் என்று கேட்டான். சூப்பர்வைசர் சொன்ன பதில்: 'உனக்குக் கொடுத்தா எல்லாரும் கேட்பான்.' கேட்-பாஸ் கிடையாது. மூன்று ஜும்ஆ தவறிய பிறகு என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், வேலைய விட்டுடவா, ஜும்ஆவ விட்டுடவா?" தகப்பன் இல்லாத வீடு, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபத்வா சொல்வது எனக்கு எளிது. அவன் அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

நான் விசாரித்தேன். அதே தொழிற்சாலையில், ஆர்டர் குறைந்த வாரத்தில் மதியமே ஆட்களை வீட்டுக்கு அனுப்பி அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். ஆர்டர் கூடிய வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். கம்பெனிக்கு வேண்டும்போது நேரம் ரப்பராக நீள்கிறது, சுருங்குகிறது. தொழிலாளி ஒரு மணி நேரம் கேட்டால் அது இரும்பாகிவிடுகிறது! நெகிழ்வு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது.

பையனின் பிரச்சினை எப்படித் தீர்ந்தது தெரியுமா? நான் தீர்க்கவில்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் இந்துச் சகோதரர் ஒருவர், 'என் சாப்பாட்டு நேரத்தை நீ எடுத்துக்க பாய், உன்னோடதுல நான் சாப்பிட்டுக்கறேன்' என்றார். லைன் நிற்காது என்றதும் சூப்பர்வைசரும் கண்டுகொள்ளவில்லை. ஆடி மாதத்தில் அவர் குடும்பத்தோடு பெரியபாளையம் போக ஒரு ஞாயிறு வேண்டியிருந்தது. அந்த ஷிப்டை நம் பையன் பார்த்தான். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அடுத்தவர் மிஷினை ஓட்டுவது வேலை. அது வழிபாடு அல்ல.

ஆகவே நாம் கேட்க வேண்டியது 'முஸ்லிம்களுக்குச் சலுகை' அல்ல. எந்தத் தொழிலாளியும் தன் நேரத்தில் ஒரு பகுதியை, வேலை கெடாமல், மாற்றி அமைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்போம். கைக்குழந்தைக்காரிக்கும் அது வேண்டும், ஜும்ஆவுக்குப் போகிறவனுக்கும் வேண்டும், சபரிமலைக்குப் போகிறவருக்கும் வேண்டும். 1918 ஏப்ரலில் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தபோது பெரம்பூர் மில் தொழிலாளர்களின் முதல் முறையீடுகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான். நூறாண்டு கழிந்தும் நம் பையன் அதே இடைவேளையில்தான் சிக்கிக்கொண்டான்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2025 ரமளானில் தெலங்கானா அரசு தன் முஸ்லிம் ஊழியர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக, மாலை 4 மணிக்கே வீடு திரும்ப அனுமதித்து உத்தரவு போட்டது. நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆந்திராவும் அதே போல அனுமதித்தது. இன்னொரு பக்கம், அசாம் சட்டமன்றம் 1937 முதல் இருந்துவந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேர இடைவேளையை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. வளைகுடாவில் இருந்து வந்தவர்களைக் கேளுங்கள். அமீரகத்தில் ரமளானில் தினம் இரண்டு மணி நேரம் வேலை குறையும், கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை ஏமாற்றுகிற முதலாளிகளும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள். பெயர் அப்துல்லாஹ் என்பதால் முதலாளி நல்லவனாகிவிடுவதில்லை.

அந்தச் சொல்லோடு நம் கடைத்தெருவுக்கு வருகிறேன். வியாபாரிகளே, கோபிக்காதீர்கள்.

தொழிற்சாலைக்காரனைக் கேள்வி கேட்கும் நாம் நம் கடைப் பையனை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம்? காலை ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்குகிறான். இரவு பத்தரைக்கு இறக்குகிறான். பதின்மூன்று மணி நேரம்! தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். உட்கார நாற்காலி கொடு என்று சொல்வதற்கு 2021ல் ஒரு சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. அதற்கு முன்பே 2018ல் கேரளம் அப்படிச் சட்டம் செய்தது. அதற்குப் பின்னால் நம்மவர்களும் கடை வைத்திருக்கும் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் நடத்திய போராட்டம் இருந்தது. ஒரு நாற்காலி! அல்லாஹ்வுக்கு அஞ்சும் முதலாளிக்கு இதைச் சொல்லச் சட்டம் வேண்டுமா?

இதைவிட வேதனையானது ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்கிறார்கள். முதலாளி அத்தர் பூசி முதல் வரிசையில் வந்து உட்காருகிறார். அவரிடம் வேலை செய்யும் முஸ்லிம் பையன் எங்கே? கல்லாவில் இருக்கிறான்! ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்ற கட்டளை (62:9,10) கடைக்காரருக்கு மட்டும்தான் இறங்கியதா? ரமளான் இரவு விற்பனையில் சஹர் வரை அந்தப் பையனை நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் கண் சொக்கினால் வாடிக்கையாளர் முன்னால் திட்டுகிறோம். அனஸ் (ரலி) அவர்கள் நபிகள் நாயகத்துக்குப் பத்தாண்டு பணி செய்தார்கள். ஒரு நாளும் 'சீ' என்ற ஒரு சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பணியாளின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்பதும் நபிமொழிதான். மேடையில் நாங்கள் சொல்லும்போது தலையாட்டுகிறீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று உண்டு. ஜும்ஆவுக்கு என்று ஒரு மணிக்கு அனுமதி வாங்கிவிட்டு, மூன்று மணி வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனையும் எனக்குத் தெரியும். வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைப் பற்றி 83ஆம் அத்தியாயம் என்ன சொல்கிறது என்று அவன் படித்துப் பார்க்கட்டும். அவன் திருடுவது கம்பெனியின் நேரத்தை மட்டும் அல்ல. அடுத்து அனுமதி கேட்கப் போகும் முஸ்லிம் பையனின் நேரத்தையும்தான்.

கடைசியாக உலமாக்கள். நானும் இதில் குற்றவாளி. காலம்காலமாக ஒன்றேகாலுக்கு ஜும்ஆ என்று வைத்திருக்கிறோம். ஆறு மணி ஷிப்ட்காரன் வெளியே வருவது இரண்டு மணிக்கு. லுஹர் நேரமோ அஸர் வரை இருக்கிறது. தொழிற்பேட்டைப் பாதையில் உள்ள பள்ளிகளில் ஒன்றாவது ஜும்ஆவை இரண்டரைக்கு வைத்தால் எந்தக் கம்பெனியிடமும் யாரும் கெஞ்ச வேண்டியதில்லையே! மனிதன் வகுத்த ஷிப்ட் நேரத்தை மாற்றச் சொல்லும் நாம், மனிதன் வகுத்த ஜமாஅத் நேரத்தை மாற்ற மறுக்கிறோம். தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது மார்க்க அறிவின் அடையாளம் என்று ஹதீஸ் இருக்க, நாங்கள் முக்கால் மணி நேரம் பயான் செய்கிறோம். அரை மணி நேர இடைவேளையில் ஓடிவந்தவன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறான். மிம்பரில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டேதான் பேசியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இதை எங்கள் ஜமாஅத்தில் பேசினேன். 'பெரியவர்கள் வைத்த நேரம் ஹஜ்ரத், எப்படி மாத்துறது?' என்று ஒருவர் கேட்டார். மாற்ற வேண்டாம், முதலில் கணக்கெடுப்போம் என்றேன். யார் எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட், பஸ் எத்தனை மணிக்கு ஊருக்குள் வருகிறது என்று எழுதித் தரச் சொன்னேன். இதுவரை 11 பேர் தந்திருக்கிறார்கள். அதில் காலை ஷிப்ட்காரர்கள் யாரும் மூன்று மணிக்கு முன்னால் ஊர் வந்து சேர்வதில்லை. ஆக, எங்கள் பள்ளியில் இரண்டரை என்பது பயன்படாது. சிப்காட் பக்கம் உள்ள பள்ளிகளில்தான் கேட்க வேண்டும். அங்கே தொழுதால் கம்பெனி பஸ் போய்விடும். திரும்பி வர வண்டி வேண்டும். ஒரு கடைக்காரர் தன் வேனை வெள்ளிக்கிழமை மதியம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் நாலு பேர் அந்தப் பள்ளி நிர்வாகிகளைப் பார்க்கப் போகிறோம். அவரும் வருகிறார். அவர் கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.